இலவசக் கணக்கை நம்பி ஒன்பது வருடம்

அம்மாயி இறந்த அன்று காலை, இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் உள்ள ஸ்டூடியோவுக்கு ஒரு படத்தோடு ஓடினேன். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, பாதிச் சிரிப்பு. 2016 இல் தேயிலை மலையில் நான் எடுத்தது. 12க்கு 18 அளவில் போடச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போன்ல பாக்குற சைஸ். ஒரிஜினல் இல்லையா?" என்றார். கன்னத்துச் சுருக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

ஒரிஜினல் இல்லை. நான் படங்களை ஏற்றி வைத்திருந்த இணையச் சேவை, இலவசக் கணக்குக்காரர்களின் படங்களை 1024 பிக்சலுக்குச் சுருக்கித்தான் சேமித்து வந்திருக்கிறது. 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 57 புள்ளிகூடத் தேறாது. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். நிபந்தனைகளில் எழுதித்தான் இருந்ததாம். யார் படித்தார்கள்? 'ஏற்றியாச்சு' என்று வந்ததும் மெமரி கார்டைத் துடைத்துவிடுவதே என் பழக்கம். கடைசியில் 5க்கு 7இல் போட்டு மாலை சாத்தினோம்.

அப்புறம்தான் மற்றச் சேவைகளின் கணக்கையும் உட்கார்ந்து பார்த்தேன். கூகுள் போட்டோஸ் 2015 இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய படங்களை எல்லையில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இப்போது 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் டிரைவும் பங்கு. மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை விடிய விடிய எடுத்தால் 400 படம், ஒன்று 8 எம்பி என்றால் 3.2 ஜிபி. ஐந்து கூத்துக்குக் காணாது.

பிளிக்கரின் கதை வேறு. 2013 இல் இலவசமாகவே ஒரு டெராபைட் தந்தது. 2018 இல் ஸ்மக்மக் என்ற கம்பெனி அதை வாங்கியது. அடுத்த வருடமே இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று எல்லை வந்தது. 2022 இல், பொதுவில் காட்டாமல் வைக்கும் படங்கள் 50ஐத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்கள். எனக்கு 1000ஐ விட இந்த 50தான் இடித்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குளிக்கும் படத்தை ஊருக்கெல்லாம் திறந்து வைக்க முடியுமா?

காசு கட்டலாமே என்பீர்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது மாதச் சந்தாவை நினைக்கவே பயமாக இருந்தது. கட்டினாலும் ஏற்ற வேண்டுமே! லயத்தில் சிக்னல் ஒரு கோடு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் வரை ஏறினால் இரண்டு. மூடுபனி இறங்கினால் நானும் இறங்கிவிடுவேன், போன் நனையும்.

இப்போது ஒரிஜினல் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில். இன்னொரு பிரதி கொழும்பில் வேலை செய்யும் மச்சானிடம். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அவன் கொண்டுவருவான், புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிக் கொடுப்பேன். இலவசக் கணக்கை மூடவில்லை. கூத்து முடிந்த மறுநாளே வேஷம் கட்டியவர்கள் லிங்க் கேட்பார்கள். அதற்கு 1024 தாராளம்.