தி கான்ஜுரிங்: திரையரங்கின் இருட்டில் பார்க்க வேண்டிய பேய் வீடு

குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய பண்ணை வீடு, அதில் நம்பிக்கையோடு குடியேறும் ஒரு குடும்பம், வாசலைத் தாண்டி உள்ளே வர மறுக்கும் நாய், பலகை அடித்து மறைக்கப்பட்ட நிலவறை என்று பேய் வீட்டுப் படங்களில் நாம் பலமுறை கண்டுவிட்ட அத்தனையும் 2013இல் ஜேம்ஸ் வான் இயக்கத்தில் வெளிவந்த ‘தி கான்ஜுரிங்’ படத்திலும் இருக்கின்றன. ஆயினும் திரையரங்கில் அமர்ந்து இதைப் பார்க்கும்போது, பழகிப்போன இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் மீண்டும் அச்சம் தருகின்றன. பேயைக் காட்டுவதற்கு முன்பாக வீட்டை நமக்கு நன்றாகப் பழக்கிவிடுவதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கதை 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரிஸ்வில் என்னும் சிற்றூரில் நடக்கிறது. லாரி ஓட்டுநரான ராஜர் பெரோனும் அவர் மனைவி கேரலினும் தங்கள் ஐந்து மகள்களுடன் அங்கே வந்து சேர்கிறார்கள். குடிவரும் நாளில் சாமான்களைச் சுமந்து செல்வோரின் பின்னால் ஜான் லியோனெட்டியின் கேமரா நீண்ட நேரம் வெட்டில்லாமல் அறை அறையாக நகர்கிறது. எந்தக் கதவு எங்கே திறக்கிறது, மாடிப்படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதே நம் மனத்தில் பதிந்துவிடுவதால், பிறகு ஏதோ ஒரு மூலையில் பலகை கிரீச்சிடும்போது அது எந்த மூலை என்று நமக்குத் தெரிகிறது. பாத்திரங்களுக்கு முன்பே நாம் அந்தத் திசையைப் பார்த்துப் பயப்படத் தொடங்கிவிடுகிறோம்.

படத்தின் உச்சம் என்று நான் சொல்வது, மகள்களில் ஒருத்தியான கிறிஸ்டீனின் படுக்கையறைக் காட்சியைத்தான். உறக்கத்தில் அவள் காலை யாரோ இழுக்கிறார்கள். விழித்துக்கொண்டவள் தலையைக் கவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் பார்க்க, கேமராவும் அவளோடு தலைகீழாகிறது. கீழே ஒன்றுமில்லை. பிறகு அவள் பார்வை அறைக் கதவின் பின்னால் தேங்கியிருக்கும் இருட்டில் போய் நிற்கிறது. அங்கே ஒருவர் நிற்பதாக அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். அக்காள் நான்சி எழுந்து போய் அந்த இருட்டுக்குள்ளேயே நின்று, யாருமில்லை என்கிறாள். தங்கையோ, அது உனக்குப் பின்னால்தான் நிற்கிறது என்கிறாள். இத்தனைக்கும் திரையில் எந்த உருவமும் இல்லை. ஜோயி கிங் என்னும் அந்தச் சிறுமியின் முகத்தைத் தவிர இயக்குநர் நமக்கு வேறு எதையுமே தரவில்லை. இவ்வளவு சிக்கனமாக ஓர் அரங்கையே மூச்சடக்கி உட்காரவைத்த காட்சிகள் இந்த வகைப் படங்களில் மிகவும் குறைவு.

இந்தப் படத்தை ஏன் திரையரங்கிலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு அதன் ஒலியமைப்பே போதுமான விடை. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளிந்திருப்பவர்களை மூன்று முறை கைதட்டச் சொல்லிக் கேட்டு, அந்த ஓசையை வைத்தே கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டைச் சிறுமிகள் ஆடுகிறார்கள். நம் ஊர்க் கண்ணாமூச்சியை ஒத்த இந்த ஆட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டவரின் நிலைக்கு நாமும் வந்துவிடுகிறோம். ஓசையைத் தவிர நமக்கும் வேறு பிடிமானம் இல்லை. பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் ஒழுங்காக இயங்கும் அரங்கில், அமைதியை நீளவிட்டு அதன் முடிவில் வந்து விழும் அந்தக் கைதட்டல் முதுகைச் சில்லிட வைக்கிறது. நிலவறைப் படியில் கேரலின் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்திருக்கும் இடத்தில் அரங்கில் ஒரு தும்மல்கூட இல்லை. ஜோசப் பிஷாராவின் இசை, எங்கே ஒலிக்க வேண்டும் என்பதைவிட எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதை நன்றாக அறிந்திருக்கிறது. வீட்டைப் பிடித்திருக்கும் சூனியக்காரியின் ஆவியாக நடித்திருப்பவரும் அவரேதான்.

இவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்ட படத்தை நான் பார்த்த அரங்கில், பதற்றம் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் இடைவேளைக்காக வெட்டிவிட்டார்கள். இடைவேளை இல்லாமல் எடுக்கப்பட்ட 112 நிமிடப் படத்துக்குத் தின்பண்ட விற்பனைக்காக ஓர் இடைவேளை வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு காட்சி முடியும் வரையிலாவது பொறுத்திருக்கலாம். விளக்கைப் போட்டுக் கலைத்த அச்சம் மீண்டும் கூடிவர வெகுநேரம் பிடித்தது.

பேய்களை ஆராயும் தம்பதியான எட் வாரன், லொரெய்ன் வாரன் வேடங்களில் பேட்ரிக் வில்சனும் வேரா ஃபார்மிகாவும் நிதானமாக நடித்திருக்கிறார்கள். காயப்போட்ட துணிகளை லொரெய்ன் எடுக்கும்போது காற்றில் பறக்கும் விரிப்பு ஒரு கணம் மனித உருவம் கொள்ளும் இடம், பட்டப்பகலிலேயே நடுங்க வைக்கிறது. இருந்தாலும் படத்தைத் தாங்குபவர் கேரலினாக வரும் லிலி டெய்லர்தான். பிள்ளைகளோடு சிரித்து விளையாடும் தாய் படிப்படியாக உருக்குலைவதை அவர் காட்டியிருக்கும் விதத்தினால்தான், பேயோட்டும் இறுதிப் பகுதி கூச்சலும் குழப்பமுமாக மாறியபோதும் நம் அக்கறை அறுந்துபோகவில்லை. அந்தப் பகுதியில் முன்பிருந்த பொறுமை இல்லை. பறக்கும் நாற்காலியைவிடக் கதவின் பின்னால் இருந்த வெறும் இருட்டே பயங்கரமாக இருந்தது.

எனக்கு உண்மையாகவே உறுத்திய குறை வேறொன்று. உண்மைச் சம்பவம் என்று அறிவித்துக்கொள்ளும் இப்படம், ஓர் இரவில் எல்லாம் தீர்ந்துவிட்டதாக முடிகிறது. உண்மையான பெரோன் குடும்பமோ 1980 வரை அந்த வீட்டில்தான் வாழ்ந்தது. கதைக்காகக் காலத்தைச் சுருக்கியதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டைப் பிடித்திருக்கும் அந்தச் சூனியக்காரிக்கு வேர் தேடும்போது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்னும் ஊரில் 1692ஆம் ஆண்டு சூனியக்காரி என்று குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்ட மேரி ஈஸ்டிக்கு அவள் உறவு என்று சொல்லி, அவர் பெயரை இப்படம் துணைக்கு அழைக்கிறது. வதந்தியாலும் வெறியாலும் கொல்லப்பட்ட நிரபராதி அவர். 1711இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே அவர்மீதான தண்டனையை நீக்கியது. பழிசுமத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயரை, பயமுறுத்துவதற்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக மறுபடியும் அதே பழியோடு சேர்த்துச் சொல்வது நியாயமே இல்லை. இவ்வளவு திறமை உள்ளவர்களுக்குக் கற்பனையான ஒரு பெயர் கிடைக்காமலா போயிருக்கும்?

ரத்தக் காட்சிகள் அதிகமில்லை என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. அமெரிக்காவில் பெரியவர் துணையின்றிப் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க இயலாத ‘ஆர்’ சான்றிதழே இதற்கு வழங்கப்பட்டது. பெரியவர்கள் கட்டாயம் பார்க்கலாம். எங்காவது மறுபடியும் திரையிட்டால், சுவரோரத்து ஒலிபெருக்கியை ஒட்டிய இருக்கைகளைத் தவிர்த்து அரங்கின் நடுவரிசைகளில் இடம்பிடியுங்கள். எல்லாத் திசை ஓசைகளும் அங்கேதான் சரியாக வந்து சேர்கின்றன.