கான்டெசா அடித்தகடு வேலை: ரூ.46,000 போச்சு, சேலத்துக்காரர்கள் கவனம்

ரூ.46,000. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் அடித்ததாகச் சொல்லி ஒரு பட்டறைக்காரர் வாங்கிய பணம். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தகடே இல்லை. ஃபைபர் மேட் (கண்ணாடி இழைத் துணி), அதன் மேல் ஓட்டை அடைக்கும் பட்டி, அடியில் கறுப்புக் கோட்டிங். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

வண்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டெசா கார், இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஏற்காட்டில் மாமாவின் எஸ்டேட் ஷெட்டில் பனியிலும் சாரலிலும் பல வருஷம் நின்றது. நம் ஊர் மசில் கார் என்று ஆளாளுக்குக் கொண்டாடுவார்கள், ஆனால் 2002-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிக்குத் தரைத் தகடு எந்தக் கடையிலும் தொங்காது, தட்டி வளைத்துத்தான் செய்ய வேண்டும். தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸி. அதாவது தரை போனால் வண்டியின் பலமே போச்சு.

அடிப்பாக வேலையைக் கன்னங்குறிச்சி வீட்டிலேயே நான்தான் பார்த்தேன். ஸ்டாண்டு போட்டு ஏற்றி, பெட்ரோல் டேங்க், சைலன்சர், சீட்டு எல்லாம் கழற்றி, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்து, துருவை அடக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்து, நல்ல இடத்துக்கெல்லாம் ஜிங்க் பிரைமர் பூசி முடித்தேன். டிரைவர் பக்கத் தரையும் கதவுக்குக் கீழே வரும் ரன்னிங் போர்டின் உள்பக்கமும் மட்டும் ஜல்லிக்கரண்டி மாதிரி இருந்தன. வெல்டிங் எனக்கு வராது. அதற்காகத்தான் பழைய வண்டிகளுக்கு டிங்கரிங் செய்யும் பட்டறை ஒன்றைக் கூப்பிட்டேன். பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

அந்தப் பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டீ கொடுத்தால் "வேலைய மொதல்ல பாத்தர்றங்ணா" என்றார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டினார். சத்தம் கணீரென்று வந்தால் விட்டுவிடுவார், மொத்தென்று வந்தால் சாக்பீஸில் வட்டம் போடுவார். நான் துரு தேய்த்ததைத் தடவிப் பார்த்து, "கம்பெனிக்காரங்ககூட இப்பிடிச் செய்யமாட்டாங்கண்ணா" என்றார். கடைசியில் சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "1.2 மில்லி சிஆர் ஷீட், இரும்புத் தகடுங்க, போட்டுக் குடுக்கறங்க. பட்டி வெச்சு மூடறவன்கிட்ட மட்டும் போயிராதீங்கண்ணா." இதைச் சொன்னது அதே வாய்தான்! அங்கேயே ரூ.30,000 ஜிபே செய்தேன். மீதி ரூ.16,000 பட்டறையிலிருந்து வண்டி எடுக்கும்போது.

நடுவில் வாட்ஸ்அப்பில் வெல்டிங் போட்டோக்கள் அனுப்பினார், நெருப்புப் பொறியோடு. இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன், ஓரத்தில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கியது) தெரிகிறது. கான்டெசாவுக்குப் பின்னாடி சுருள் மாதிரி இருக்கும் காயில் ஸ்பிரிங் ஐயா! அது யாரோ ஒருவருடைய அம்பாசடர்.

மழை நாளில் ஏற்காடு ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் காலுக்கடியில் ஈரம். அப்புறம்தான் கார்பெட்டைத் தூக்கியது. சீட்டு போல்ட் பிடிக்கும் இடத்தின் விளிம்பு வரை ஃபைபர்தான். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது என் எடையைத் தாங்கியது அதுதான் என்று நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. ரன்னிங் போர்டில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் கோட்டிங் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற தண்ணீர் உள்ளேயே நின்று நல்ல தகட்டையும் தின்னும்.

போன் செய்தேன். "பழைய வண்டிங்ணா, துரு வரத்தானே செய்யும்." ஃபைபருக்கு எப்படித் துரு வரும் என்று கேட்டதும் "பையன் பண்ணிருப்பான், அனுப்பி வெக்கறன்" என்றார். எந்தப் பையனும் வரவில்லை. நேரில் போனால் "அண்ணன் ஈரோடு போயிருக்காருங்க." அண்ணனின் பைக் வாசலில் நிற்கிறது. பில் கேட்டேன். "பில்லு போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேருங்க, அதான் உங்களுக்காகப் போடல"யாம், என்மேல் அவ்வளவு அக்கறை. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ரூ.46,000 வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத வரவில்லை.

பட்டறையில் கேட்க வேண்டியதையெல்லாம் விலாவாரியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: வெல்டிங் முடிந்து கோட்டிங் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு மீதிப் பணம் கொடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அடியில் வைத்துப் பாருங்கள், ஃபைபரிலும் பட்டியிலும் ஒட்டாது. போட்டோவில் உங்கள் வண்டி நம்பர் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி போனால் போகிறது, பில் வாங்குங்கள்.

என்னிடம் பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வண்டி மறுபடி ஸ்டாண்டில் நிற்கிறது. சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை, எந்தப் பக்கமானாலும் சரி, வீட்டுக்கே வந்து என் கண் முன்னால் தகடு வைத்துத் தரும் வெல்டர் தெரிந்தால் சொல்லுங்கள்.