பாய் விரியாத பாய்மரப் படகுக்கு 87,000 ரூபாய்: மலைக்காரர்களே, ஏமாந்துவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை இப்போதே எழுதுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே சொல்லிவிடுவேன்; என் சுபாவம் எனக்குத் தெரியும். போனது 87,000 ரூபாய். ஆறு பேருடைய பணம், ஒரு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் ஆறு பேரும் குன்னூரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இரண்டு பேர் டாக்ஸி ஓட்டுகிறார்கள். ஒருவன் காட்டேஜ் வாடகைக்கு விடுகிறான், ஒருவனுக்கு வர்க்கி ரொட்டி சுடும் அடுப்பு, ஒருவனுக்கு மருந்துக் கடை, எனக்குத் தேநீர்க் கடை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஊட்டி மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி எல்லாம் முடிந்து கூட்டம் மலை இறங்கிய பிறகுதான் எங்களுக்கு விடுமுறை. அதாவது ஜூன். இந்த ஜூனில்தான் விஷயமே இருக்கிறது.

ஐம்பது வயதுக்குள் ஒருமுறையாவது கடலில் பாய்மரப் படகில் போக வேண்டும் என்பது காட்டேஜ்காரனின் ஆசை. எங்களுக்குத் தெரிந்த படகெல்லாம் ஊட்டி ஏரியில் காலால் மிதிக்கிற படகுதான். 1824இல் கலெக்டர் சல்லிவன் காலத்தில் வெட்டிய ஏரி அது. அதில் அலை என்பதே, பக்கத்துப் படகு இடித்தால் வருவதுதான். ஆகவே ஊட்டியில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே மரத்தில் செய்த சின்னக் கப்பல் பொம்மை, சுவரில் மாலத்தீவுப் படம். அவ்வளவு போதும்.

அந்த மனிதர் பேசியதைச் சொல்ல வேண்டும். வரைபடத்தை மேசையில் விரித்தார். கொச்சியில் ஏறுகிறோம், கரையை ஒட்டியே வடக்கே போகிறோம், இரவில் நங்கூரம் போட்டுத் தூங்குகிறோம், மூன்றாம் நாள் திரும்புகிறோம் என்று பென்சிலால் கோடு போட்டார். 36 அடிப் படகு, இரண்டு அறை, சமையலுக்கு ஆள். தலைக்கு 14,500. "ஜூனில் மழை இருக்காதா?" என்று மருந்துக் கடைக்காரன் கேட்டான். "மழை கரையில்தான் அண்ணா, கடலுக்குள் தூறல்தான்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். பிறகு ஒவ்வொருவராக எடை கேட்டு நோட்டில் எழுதினார். உயிர்காக்கும் அங்கி அளவாக இருக்க வேண்டுமாம். வர்க்கிக்காரன் 94 கிலோ. வெட்கப்பட்டு 88 என்றான். "உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா, உயிர் விஷயம்" என்றார் அவர். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். எடையைக் கூடக் கேட்டு எழுதுகிற மனிதர் ஏமாற்றுவாரா? போகும்போது தலைக்கு ஓர் அட்டை வாந்தி மாத்திரை வேறு கொடுத்தார், தன் செலவில்.

50,000 ரூபாயைக் கைப்பேசி வழியாக அனுப்பினோம். பெயர் வேறாக வந்தது. "மைத்துனர் கணக்கு" என்றார். 37,000 ரொக்கம். ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

ஜூன் 13, சனிக்கிழமை விடியற்காலை எர்ணாகுளத்தில் இறங்கினோம். தோப்பும்படி பக்கம் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கேரளத்தில் 52 நாள் மீன்பிடித் தடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது மீன் பெருகுவதற்கான தடை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டோம். சரிதான், சம்பந்தமில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான தேதி ஜூன் 1. அதற்குச் சம்பந்தம் இருந்தது.

படகு இருந்தது. பொய் சொல்லக் கூடாது. 36 அடி இல்லை. முப்பது இருந்தால் அதிகம். பாயைச் சுருட்டி நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். முடிச்சின் மேல் பாசி படிந்திருந்தது. அதை அவிழ்த்து வாரக்கணக்காகியிருக்கும் என்று கடலே பார்க்காத எனக்கே புரிந்தது. படகுக்காரர் வயதானவர், தமிழ் நன்றாகப் பேசினார். "இந்த மாதத்தில் பாய் விரிப்பதா? உங்கள் ஆளிடம் மே மாதமே சொன்னேனே" என்றார்.

அவர்தான் பொறுமையாக விளக்கினார். இப்போது காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கிறது. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது; வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் காற்றே படகைக் கரையில் கொண்டுபோய் மோதும். முகத்துவாரத்தில் உள்ளிருந்து வெளியேறும் நீரும் வெளியிலிருந்து வரும் அலையும் முட்டிக்கொண்டு செங்குத்தாக எழும். அக்டோபர் முதல் மார்ச் வரை வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன் என்றார். மூன்று நாள், இரண்டு இரவு என்ற பேச்சே அவர் காதுக்குப் போகவில்லை. அவருக்கு வந்து சேர்ந்தது 6,000 ரூபாய், இரண்டு மணி நேரச் சவாரிக்கு.

என்ஜினைப் போட்டு வில்லிங்டன் தீவு, போல்காட்டி, ஃபோர்ட் கொச்சி சீன வலைகள் என்று துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று. வர்க்கிக்காரனுக்குக் கொடுத்த அங்கியின் கொக்கி மாட்டவே இல்லை. பக்கவாட்டில் கயிற்றால் முடிச்சுப் போட்டார்கள். 94 கிலோ என்று நோட்டில் எழுதியதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முகத்துவாரம் தூரத்தில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. காட்டேஜ்காரன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி. போட்டோம். முட்டாள்கள்.

படித்துறையிலிருந்தே போன் செய்தேன். "பத்திரமாக வாருங்கள் அண்ணா, நேரில் பேசிக்கொள்ளலாம்." நேரில் போனேன், கோவை போயிருக்கிறார் என்றாள் அங்கிருந்த பெண். மறுநாள் போனேன், கோவையிலிருந்து இன்னும் வரவில்லை, ஆனால் அவருடைய வண்டி வாசலில் நிற்கிறது. மூன்றாம் நாள் நாங்கள் நான்கு பேர் போனோம். ஆள் இருந்தார். ரசீதைத் திருப்பிக் காட்டினார்: வானிலையால் ரத்தானால் பணம் திருப்பித் தரப்படாது. "ரத்தாகவில்லையே, ஜூனில் பாய் விரிக்க முடியாது என்று படகுக்காரர் உங்களிடம் மே மாதமே சொன்னாராமே" என்றேன். உடனே அடுத்த தாளை எடுத்தார், நாங்கள் கையெழுத்துப் போட்டது. "அப்படியென்றால் சேவை முழுமையாகக் கிடைத்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்." ஒரு வாய்க்கு ரத்து, ஒரு வாய்க்கு முழுமை! கடைசியில் பெரிய மனது வைத்து, ஆறு பேருக்கும் மசினகுடி ஜீப் சவாரி இலவசம் என்றார். மசினகுடிக்கு! எங்களில் இரண்டு பேர் தினமும் அங்கே ஆள் ஏற்றிப் போகிறவர்கள்.

87,000 ரூபாய். அதில் கடலுக்குப் போனது 6,000.

எனக்கு ஆறாதது பணம் மட்டும் அல்ல. அந்த மனிதரும் இந்த மலைக்காரர்தான். நமக்கு வேலை முடிந்து கை ஓயும் மாதத்தில்தான் மேற்குக் கடலும் மூடுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் பாய்மரப் பயணம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் நேரடியாகப் பேசுங்கள். வேறு பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. படகு எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நாங்கள் ஊட்டியில் போடுகிறோம். ஐந்து கையெழுத்து ஆகிவிட்டது. வர்க்கிக்காரன் மட்டும், மனுவில் எடை விஷயத்தை எழுதக் கூடாது என்று அடம் பிடிக்கிறான்.