ஜூம் லீவர் மேல் ஒட்டிய டேப்

போன வாரம் கேமரா பழுது பார்த்து வந்தது. அதே நாள் சாயங்காலம் கல்லூரிக் கால நண்பன் போன் செய்தான். "மச்சான், பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் டான்ஸ். சின்னதா ஒரு கேமரா வாங்கிடலாமா, இல்ல போனே போதுமா?" பழுதுக்கு 3,500 ரூபாய் அழுத கடுப்பில் நான் சொன்ன பதில் நியாயமானதா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு இன்ச் சென்சார் காம்பாக்ட். காம்பாக்ட் என்றால் லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா, சென்சார் என்றால் உள்ளே ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் புலம்பப் போகும் விஷயம் இந்த ரகத்தில் பல கேமராக்களுக்கும் பொருந்தும். "ஒரு இன்ச்" என்பதே ஒரு கூத்து. அந்தச் சென்சாரில் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது. 13.2 மில்லிமீட்டர் அகலம், 8.8 உயரம், மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. அந்தக் காலத்து டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போகட்டும். சாதாரண காம்பாக்ட்டில் வரும் 1/2.3 இன்ச் சென்சாரைவிடப் பரப்பு நான்கு மடங்கு. இருட்டில் அந்த நான்கு மடங்கின் அருமை தெரியும்.

இதற்கு முன்னால் ஃப்யூஜியின் எஃப்31எஃப்டி வைத்திருந்தேன். 2006-இல் வந்தது. மற்ற எல்லோரும் மெகாபிக்சலை ஏற்றிக்கொண்டே போனபோது ஆறோடு நின்ற கேமரா. இருட்டில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்தான் ஐஎஸ்ஓ, அதை ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளிகள் பெருகும். இதில் ஐஎஸ்ஓ 800-இல்கூட முகம் முகமாகவே இருக்கும். அதன் எக்ஸ்டி மெமரி கார்டு கிடைக்காமல் அலைந்த கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது.

புதியதை வாங்கியதே செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் நடக்கும் பாரதக் கூத்துக்காகத்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். பெட்டியில் எழுதியிருந்தது எஃப்/1.8. லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரைச் சொல்லும் எண் அது, சின்ன எண் என்றால் நிறைய வெளிச்சம். அதை நம்பித்தான் முதல் வருடம் திடலின் நடுவில், ஊர்ப் பெரியவர்களோடு நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்தேன். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், நடுவில் துணி. ஜூமை முழுக்க இழுத்து வைத்துக் காத்திருந்தேன். திரை விலகியது. கேமரா "வ்ர்ர்... வ்ர்ர்" என்று முன்னும் பின்னும் ஃபோகஸ் தேடியது. அது தேடி முடிப்பதற்குள் வேஷக்காரர் ஒரு சுற்று சுற்றி முதுகைக் காட்டிவிட்டார். கிடைத்த படத்தில் கிரீடம் ஓரளவு தெரிந்தது. கைகள் இருந்த இடத்தில் புகை.

காரணம் வீட்டுக்கு வந்துதான் புரிந்தது. எஃப்/1.8 என்பது ஜூமைத் தொடாதவரைதான். கொஞ்சம் தொட்டாலே 2.8 ஆகிவிடும். முழுக்க இழுத்தால் 4.9. அப்பர்ச்சர் எண்ணின் வர்க்கத்தில் ஒளி குறையும் என்பதால், ஜூமின் கடைசியில் உள்ளே வருவது ஏழில் ஒரு பங்கு வெளிச்சம். ஜூம் இல்லாமல் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/125 நொடி என்று நிம்மதியாக எடுத்த காட்சியை, ஜூம் செய்ததும் கேமரா ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, ஷட்டரை 1/30-க்கு இறக்கி எடுக்கிறது. கை நடுக்கத்தை லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் சமாளிக்கும். ஆடுகிறவரை அது என்ன செய்யும்? பெட்டியில் பெரிய எழுத்தில் 1.8, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு 4.9. இரண்டும் எழுதித்தான் இருந்தன. ஏமாற்றவில்லை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் எட்டு வருடமாக எரிச்சல் தீரவில்லை.

ஜூம் செய்யாமல் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாமே என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. பாதி அகலம் பாதி உயரமாக வெட்டினால் சென்சாரில் கால் பங்குதான் மிஞ்சும். அந்த அளவுக்கு ஜூம் செய்தால் லென்ஸ் இழக்கும் வெளிச்சமும் ஏறக்குறைய அதே. ஆக, புள்ளிகள் விஷயத்தில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஃபோகஸ் மட்டும் சட்டென்று பிடிக்கும்.

மறுவருடம் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் போனேன். தரையில், சின்னப் பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்கி வழியும் இடத்தில் உட்கார்ந்தேன். ஜூம் லீவரின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன், விரல் பழக்கத்தில் தொட்டுவிடக் கூடாது என்று. அன்றைக்கு எடுத்த படங்கள் இப்போதும் சுவரில் இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு அரிதாரத்தின் மேல் வியர்வை உருண்டு ஒரு கோடு போட்டிருக்கிறது. தோளில் கட்டிய புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் லைட் தனித்தனியாகத் தெரிகிறது. ஓரத்தில் திரையைப் பிடித்தவரின் கட்டைவிரல் நகம். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்தது, உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். ஏ4 அளவில் அச்சிட்டால் பழைய பிலிம் போல நன்றாகவே இருக்கிறது. கேமரா கை வைக்காத மூலப் பதிவான ரா ஃபைலாக எடுத்தால்தான் இப்படி. கேமராவே செய்து தரும் ஜேபெக்கில் முகத்தை இஸ்திரி போட்டுவிடும்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சுகம், சத்தம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஒரு சின்ன 'டிக்' மட்டும்தான். பீப் சத்தத்தை அணைத்துவிட்டால் முகவீணைக் குழல் இழையும்போதுகூடப் பக்கத்தில் தூங்கும் குழந்தை திரும்பிப் பார்க்காது. ஆட்டோஃபோகஸுக்கு உதவுகிறேன் என்று ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும், அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஆடுகிறவர் கண்ணில் அடிப்பது மகா பாவம்.

சரி, பழுதுக்கு வருகிறேன். ஜூம் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போதெல்லாம் துருத்தி மாதிரி காற்றை இழுக்கிறது, கூடவே திடல் புழுதியையும். கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் நாமே துடைக்க வழியில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரவில் எஃப்/1.8-இல் எடுக்கும்போது சென்சார் மேல் உட்கார்ந்த தூசி கண்ணுக்கே தெரியாது. பகலில் எஃப்/8 வைத்து வானத்தை எடுத்தால் அம்மைத் தழும்பு மாதிரி எட்டு இடத்தில் கறுப்பு. கூத்தில் வாங்கிய புழுதி கொடைக்கானலில் தெரிந்தது.

போனைப் பற்றி நண்பன் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2018-இல் கூகுள் பிக்சலில் நைட் சைட் வந்த பிறகு, அசையாத கோபுரத்தையும் தெருவையும் போன்கள் என் கேமராவைவிட நன்றாகவே எடுக்கின்றன. பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிவிடுகின்றன. ஆடுகிறவரிடம் அந்த வித்தை பலிக்காது. ஒன்று கலங்கிவிடும், இல்லை முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

ஆக, இருட்டில் அசையும் முகத்துக்கு இன்றைக்கும் என் கேமராதான். இவ்வளவும் சொல்லிவிட்டு அவனிடம் "வாங்காதடா" என்றேன். பள்ளி விழாவில் பெற்றோருக்குக் கிடைப்பது இருபதாவது வரிசை. முன்னால் போய்த் தரையில் உட்கார விடமாட்டார்கள். அவனுக்கு வேண்டியது ஜூம், அது இருக்கும் இடத்தில் இந்த ரகத்துக்குக் கண் தெரியாது. பிடிவாதமாக இருந்தால் ஜூம் முழுக்க இழுத்தாலும் 2.8-இல் நிற்கும் லென்ஸாகப் பார்க்கச் சொன்னேன். கேனான் ஜி7 எக்ஸ், சோனி ஆர்எக்ஸ்100-இன் மூன்றாவது மாடல், இரண்டும் 2014-இலேயே வந்தவை, பழையதாகத் தேடினால் கிடைக்கும். "அப்போ உன்னோடதைக் கொடேன், ஒரு நாளைக்கு" என்றான். கொடுக்கவில்லை.

கடைக்காரர் நல்ல மனுஷன். தூசியை எடுத்ததோடு உடம்பையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்திருந்தார். "லீவர்ல ஏதோ பசை மாதிரி அழுக்கு இருந்துச்சு சார், சுரண்டி எடுத்துட்டேன்" என்றார். பஸ் ஏறுவதற்கு முன் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு சுருள் டேப் வாங்கினேன்.