கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளிடம் வீட்டு மெயிலை ஒப்படைக்கும் முன்

குமுளி, கம்பம்மெட்டுப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதில் நாலு பேர் மெயில் பார்க்கிறீர்கள் என்றால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீட்டில் மாமனாருக்கு ஏலக்காய்க் கணக்கு மெயிலில்தான் வரும். புத்தடி ஏலத்தில் சரக்கு என்ன விலைக்குப் போனது, பணம் எப்போது வரும் என்று. வீட்டுக்காரருக்கு பேங்க் விவரம், எனக்குத் தையல் ஆர்டர். நாத்தனார் கட்டப்பனையில் நர்ஸ். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உள்ளூர் சர்வீஸ் ஆள் ஒருவரைக் கூப்பிட்டோம். பாதித் தமிழ், பாதி மலையாளம்; இங்கே நாங்கள் எல்லோருமே அப்படித்தான். "ஒன்னும் பேடிக்கேண்டா சேச்சி (பயப்பட வேண்டாம் அக்கா), எல்லாம் ஒரே இடத்துல வந்துடும்" என்றார். 2,500 ரூபாய் வாங்கினார்.

சொன்னபடியே ஒரே இடத்தில்தான் வந்தது. விண்டோஸில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே யூசர், அதற்கும் பாஸ்வேர்ட் கிடையாது. அதற்குள் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் என்ற சாஃப்ட்வேர் ஒன்றே ஒன்று, அதில் நாலு பேர் மெயிலும். யார் உட்கார்ந்தாலும் எல்லாம் தெரியும்.

முதலில் மாட்டியது நாத்தனார். மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தாள். இன்டர்வியூ மெயிலைக் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் படித்தவர் மாமனார். அன்று முழுக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மாமனார் முறை. பணம் ஏன் வரவில்லை என்று ஏலக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு மெயில் எழுதினார். எந்த இன்பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறோமோ அந்த முகவரியிலிருந்துதான் தண்டர்பேர்ட் அனுப்பும். அவர் திறந்திருந்தது மகளுடையதை. பதிலும் அங்கேயே வந்தது. தெரியாத கம்பெனி என்று அவள் அழித்துவிட்டாள்.

இதெல்லாம்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். நாத்தனாருக்கு ஏற்கெனவே ஜிமெயில் இருந்தது. மற்ற மூன்று பேருக்கும் அந்த ஆள்தான் புதிதாகத் திறந்து கொடுத்தார். வீட்டுக்காரர் பாஸ்வேர்டை மறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓடிபி போகும் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் எங்கள் வீட்டு நம்பர் எதனோடும் ஒத்துவரவில்லை. மூன்று கணக்கிலும் மீட்பு நம்பராகத் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார்! போன் செய்தால், ஓடிபி சொல்ல 1,500 ரூபாயாம். பேங்க் மெயில் வரும் கணக்காயிற்றே, கொடுத்தோம். ரசீதெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை.

உள்ளே போனதும் மூன்றிலும் அவர் நம்பரை எடுத்து எங்கள் நம்பரைப் போட்டோம். இதில் ஒரு சிக்கல்: மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்கே ஓடிபி அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கலாம். அந்த ஒரு வாரம் தினமும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியையும் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் வசதி) பாருங்கள். அங்கே வேறு முகவரி இருந்தால் பாஸ்வேர்ட் மாற்றினாலும் மெயில் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் விண்டோஸில் நாலு பேருக்கும் தனித்தனி யூசர், தனித்தனி பாஸ்வேர்ட் போட்டோம். அவரவர் யூசருக்குள் அவரவர் தண்டர்பேர்ட். பழையதில் கணக்கை நீக்கும்போது மெயில்களையும் சேர்த்து நீக்கச் சொல்லி டிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவை கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். எல்லாம் நானே ஒரு மத்தியானத்தில் செய்தது, செலவு ஒரு பைசா இல்லை.

நாத்தனார் மெயிலை இப்போது அவளைத் தவிர யாரும் திறக்க முடியாது. மாமனார்தான் தினமும் சாயங்காலம் கேட்கிறார், "மஸ்கட்காரன் பதில் போட்டானாம்மா?"