'தி காமெட்', 'தி ஸ்பேஸ் டிரேடர்ஸ்': எதை முதலில் படிக்கலாம்?

கறுப்பின அமெரிக்க அறிபுனைச் சிறுகதைக்குள் நுழைய இரண்டு நல்ல வாசல்கள்: கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸின் 'தி காமெட்' (1920), டெரிக் பெல்லின் 'தி ஸ்பேஸ் டிரேடர்ஸ்' (1992).

முன்னதில், வங்கியின் நிலவறைக்கு அனுப்பப்பட்ட கறுப்பின ஊழியர் ஜிம் வெளியே வரும்போது, வால்நட்சத்திர வாயுவால் நியூயார்க் பிணக்காடாகக் கிடக்கிறது. தப்பிப் பிழைத்த பணக்கார வெள்ளைப் பெண்ணும் அவரும் மெல்ல நிறத்தை மறக்கிறார்கள். அழிந்தது அந்த ஊர் மட்டும்தான் என்று தெரிந்ததுமே பழைய இழிசொற்கள் திரும்பிவிடுகின்றன. உச்சக்கட்டத்தில் கவித்துவம் பொங்கி வழியும். அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பெல் சட்டப் பேராசிரியராக இருந்தவர். கதையும் வழக்குக் கட்டு மாதிரிதான்! 2000 ஜனவரி 1 அன்று வரும் வேற்றுலகத்தார் தங்கம், மாசு நீக்கும் வேதிப்பொருள், பாதுகாப்பான அணுசக்தி எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். விலை, அமெரிக்கக் கறுப்பினத்தவர் அனைவரும். தேதிவாரியாக விவாதம் நகர்ந்து, பொதுவாக்கெடுப்பில் 70 சதவீதம் 'சரி' என்கிறது. மனதில் நிற்பவர் கறுப்பினப் பொருளாதாரப் பேராசிரியர் கோலைட்லி. போவதே பாக்கியம் என்று நடித்தால் வெள்ளையர்களே தடுப்பார்கள் என்ற அவரது தந்திரத்தைச் சொந்த மக்களே ஏற்பதில்லை.

வாசகருக்கு முதலில் டு பாய்ஸ். சிறியது, ஒரே மூச்சில் முடியும். எழுதிப் பழகுபவருக்கு பெல். ஆனால் அந்தத் தேதி உத்தியை எடுத்தாளும்போது வாதம் மட்டும் மிஞ்சி, ஆட்கள் காணாமல் போவார்கள். ஒவ்வொரு தேதியிலும் யாராவது எதையாவது இழக்கட்டும்.