முன்பக்க யுஎஸ்பி: மாற்று கேபிளா, பிசிஐஇ கார்டா?

பாண்டியில் பழைய மதர்போர்டை வைத்துக்கொண்டு கேபினெட்டை மட்டும் புதிதாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது: கேபினெட்டின் யுஎஸ்பி 3.0 கேபிள் 19 பின்னுக்கான தடித்த முனையோடு வரும், போர்டில் இருப்பதோ 9 பின் கொண்ட 2.0 இணைப்புதான்.

19 பின் முனையை 9 பின் இணைப்பில் பொருத்தித் தரும் மாற்று கேபிள் மலிவு, செருகினால் வேலை முடிந்தது. ஆனால் வெளியே 3.0-க்கான நீல போர்ட்டே தெரிந்தாலும் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது. கீபோர்டு, பென்டிரைவுக்கு இதுவே தாராளம். மின்சாரம்தான் இடிக்கும், 2.0-க்கு வரையறுத்தது 500 மில்லிஆம்பியர், 3.0-க்கு 900, அதனால் வெளி ஹார்ட் டிஸ்க் சில சமயம் டிக் டிக்கென்று சத்தம் போட்டுவிட்டுச் சுற்றாமலே நின்றுவிடும்.

இன்னொரு வழி, மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கார்டு. 19 பின் இணைப்புள்ள இந்தக் கார்டுக்குக் காலி ஸ்லாட் வேண்டும், சில கார்டுகளுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயரும் வேண்டும், செலவும் கூடுதல். அப்புறம் ஸ்லாட் பிசிஐஇ 1.0 என்றால் வேகம் பாதிதான். பிசிஐஇ 2.0 ஸ்லாட் இருந்து, கல்யாண வீடியோ மாதிரி பெரிய கோப்புகளைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர் என்றால் யோசிக்காமல் கார்டுக்கே போங்கள்.

எதுவானாலும் அந்த 19 பின் முனையைச் சாய்த்து அழுத்தாதீர்கள், பின் சட்டென்று வளையும். கடலூர் முதுநகர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில், பழைய போர்டின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.